உஷார்! அந்தக் கரடி உங்களை இன்னும் பார்க்கவில்லை

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக்குப் பணமும் கணக்கில் ஏறிவிட்டால் டெல்டாவில் அடுத்த பேச்சு வேன் பேச்சுதான். ஒரத்தநாடு, திருவையாறு, மன்னார்குடி, கும்பகோணம் எங்கே பார்த்தாலும் மாசி பங்குனியில் ஒரு வேன் மலையேறத் தயாராக நிற்கிறது. ஊட்டியில் கூட்டம் தாங்கவில்லை என்று இப்போது கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிற ஹோம் ஸ்டேக்களைத் தேடிப் போகிறார்கள். பக்தி உள்ளவர்களுக்கு வெள்ளியங்கிரி. குறுவை நடவு முடிந்த கையோடு கிளம்புகிறவர்களுக்குக் குற்றாலம், அப்படியே பாபநாசம் சொரிமுத்து அய்யனார் கோயில். நம்ம பாபநாசம் இல்லை, பொதிகை மலையடியில் இருக்கிற பாபநாசம்.

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் மேலே சொன்ன இடங்கள் எல்லாமே கரடி நடமாடுகிற காடும் காட்டு ஓரமும் என்பதை வேனில் ஏறும் முன்பே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். யானை, சிறுத்தை என்றால் நம்மவர்களுக்கு ஓரளவு பயம் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் மயிலாடுதுறைக்குள்ளேயே சிறுத்தை புகுந்து, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட பிறகு சமவெளிக்காரனுக்கும் சிறுத்தை என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. கரடிதான் தெரியவில்லை. அது நம் ஊருக்கு வருவதில்லை. நாம்தான் அதன் ஊருக்குப் போகிறோம், அதுவும் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல்.

தெரிந்த கொஞ்சமும் தப்பு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கரடிவித்தைக்காரர் நினைவிருக்கும். மூக்கில் கயிறு, கையில் கம்பு. பிள்ளைக்குப் பயம் தெளிய வேண்டும் என்று கரடி முதுகில் உட்காரவைத்துக் காசு கொடுத்தோம். திருவிழாக் கடையில் கரடி முடி வைத்த தாயத்து வாங்கிக் குழந்தை இடுப்பில் கட்டினோம். அந்தக் கரடி சாதுவாக இருந்ததற்குக் காரணம், குட்டியாக இருக்கும்போதே பிடித்து, மூக்கைத் துளைத்து, பல்லை உடைத்து வைத்திருந்ததுதான். இந்தியாவில் கரடிவித்தை ஓய்ந்தே போனது 2009-இல். முதுகில் பிள்ளையை ஏற்றிய ஞாபகத்தோடு மலைக்குப் போகாதீர்கள்.

தென்னாட்டில் இருப்பது ஒரே ஒரு இனம். கறுத்து அடர்ந்த முடி, வெளுத்த மூஞ்சி, மார்பில் வெள்ளையாக ஒரு வளைகோடு. ஆண் கரடி 80 கிலோவிலிருந்து 140 கிலோ வரைக்கும் வரும். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சுகிறது. முன்னங்கால் நகம் ஒரு விரல் நீளம், அரிவாள் போல உள்பக்கம் வளைந்தது. புற்றைப் பிளக்கவும் மரம் ஏறவும் அமைந்த நகம் அது. மனிதன் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை.

கரையான், எறும்பு, தேன், நாவல், இலந்தை, அத்தி, கொன்றைக் காய் இதெல்லாம் அதன் சாப்பாடு. மனிதனைத் தின்பதற்கு அது வருவதே இல்லை. பிறகு ஏன் தாக்குகிறது? காட்டோர மக்கள் புலியைவிடக் கரடிக்கு அதிகம் பயப்படுவது ஏன்? ஒன்றுபட்ட மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரையிலான 5 ஆண்டுகளில் கரடியிடம் அடிபட்டவர்கள் 687 பேர். செத்தவர்கள் 48 பேர். இரை தேடாத ஒரு மிருகம் செய்தது இது.

காரணம் அதன் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. கரடிக்குப் பார்வை மந்தம், காது கேட்பதும் சுமார்தான். மூக்கு மட்டும் கூர்மை. அந்த மூக்கையும் புற்றுக்குள் விட்டு, நாசித் துவாரத்தை மூடிக்கொண்டு, கரையானை இழுக்கிறபோது உலகமே அதற்குத் தெரியாது. உறிஞ்சுகிற அந்தச் சத்தம் கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்றை இழுக்கிற மாதிரி இருக்கும், தூரத்திலேயே கேட்கும். அதன் சத்தத்திலேயே நம் காலடிச் சத்தம் அமுங்கிவிடுகிறது. காற்று நம் பக்கமாக வீசினால் வாசமும் போய்ச் சேராது. நாம் பத்தடியில் வந்து நிற்கும்போதுதான் அது தலையைத் தூக்குகிறது. அந்த நிமிஷத்தில் ஓடித் தப்பிக்கலாம் என்று அதன் புத்தியில் இல்லை. புலி இருக்கிற காட்டில் வழிவழியாக வாழ்ந்த மிருகம் அது. முதுகில் குட்டியை வைத்துக்கொண்டு ஓடினால் புலி பிடித்துவிடும், மரமேறினால் சிறுத்தை பின்னாலேயே வரும். அதனால் நின்று அடிப்பதே அதன் பழக்கம். புலிக்கு வைத்திருக்கிற அடியைத்தான் நமக்கும் கொடுக்கிறது. பின்னங்காலில் எழுந்து நின்று, நேராக முகத்திலும் உச்சந்தலையிலும்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். கரடி குட்டி போடுவது பெரும்பாலும் மார்கழியை ஒட்டி. இரண்டு மூன்று மாதம் குகைக்குள்ளேயே வைத்திருந்து, மாசி பங்குனியில்தான் தாய் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. நாம் அறுவடை முடித்து வேன் பேசுகிற அதே நாட்கள். வெள்ளியங்கிரியில் மலையேற விடுவதும் பிப்ரவரியிலிருந்துதான். இதைவிடப் பொல்லாத பொருத்தம் வேறு வேண்டுமா?

இத்தனையும் கேட்டு டெல்டாக்காரன் மலைக்க வேண்டியதில்லை. இதற்கான மருந்து அவன் கையிலேயே இருக்கிறது. ராத்திரி மடை திறக்கப் போகிறவன் என்ன செய்கிறான்? ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பு. வரப்பில் கம்பைத் தட்டித் தட்டி, இருமிக்கொண்டு, பக்கத்து வயல்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கிறான். வரப்போரத்தில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கலாம், அதற்கு நாம் வருவது முன்கூட்டித் தெரிய வேண்டும் என்பது அவனுக்கு அப்பா காலத்துப் பாடம். கரடிக்கும் அதே பாடம்தான்: நீங்கள் வருவது அதற்கு முதலிலேயே தெரிய வேண்டும். தெரிந்தால் ஒதுங்கிப் போய்விடும். குஜராத்தில் கரடிக் காட்டை ஒட்டிய ஊர்களில் தலையில் மணி கட்டிய தடியையே செய்து ஜனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே ஆள் மலைக்குப் போனதும் கம்பை வீட்டில் வைத்துவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டு வருகிறான். விடியற்காலை ஐந்தரை மணி, பனிமூட்டம், தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. காதில் இயர்போன். ரீல்ஸ் எடுப்பதற்காக எல்லோரையும் பின்னால் நிறுத்திவிட்டுத் தனியாக முன்னால் போகிறான், சத்தமே இல்லாமல். வயலில் ஒருநாளும் செய்யமாட்டான் இதை.

கரடி இரவிலும், விடிவதற்கு முன்னும், பொழுது சாய்ந்த பிறகும்தான் அதிகம் நடமாடும். அந்த நேரங்களில் ஹோம் ஸ்டேக்கு வெளியே நடக்கவே வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பேராக, ஒட்டி, பேசிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தோடு போங்கள். பாதை வளைகிற இடம், ஓடைச் சத்தம் மற்ற சத்தத்தை அமுக்குகிற இடம், உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மூடிய இடம், இங்கெல்லாம் கையைத் தட்டிக் குரல் கொடுங்கள். கூச்சமாக இருந்தால் பாட்டுப் பாடுங்கள். கோரஸ் மோசமாக இருந்தாலும் கரடி விலகிப் போகும்.

அப்படியானால் பட்டப்பகல் பத்திரமா? அதுவும் இல்லை. பகலில் அது பாறை இடுக்கிலும் புதருக்குள்ளும் படுத்திருக்கும். இங்கேதான் நம் வேன்காரர்கள் செய்கிற பெரிய ஆபத்து வருகிறது. மலைப்பாதையில் வண்டியை ஓரம் கட்டுவார்கள். அவசரத்துக்கு ஒதுங்குகிறவர், கூச்சத்தில், யார் கண்ணிலும் படக்கூடாது என்று சாலையை விட்டு இறங்கி, இருப்பதிலேயே அடர்த்தியான புதராகப் பார்த்து, சத்தமில்லாமல் நுழைவார். நம் ஊர் நாணல் மறைவு இல்லை அது. தூங்குகிற கரடியை எழுப்புவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பெட்ரோல் பங்க், டீக்கடை, கட்டணக் கழிப்பறை எது வருகிறதோ அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரைவருக்கும் சேர்த்துத்தான்.

புற்றையும் பார்க்கப் பழகுங்கள். நம் ஊரில் புற்று என்றால் மஞ்சள் குங்குமம், ஆடி வெள்ளிக்குப் பால். மலைப்பாதை ஓரத்தில் புற்று ஒன்று பக்கவாட்டில் பிளந்து, உள்மண் ஈரம் காயாமல் சிதறிக் கிடந்தால், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். அதை உடைத்தவர் பக்கத்தில்தான் இருக்கக்கூடும். பழக்கொட்டை நிறைந்த சாணம் குவியலாகக் கிடப்பதும், மரப்பட்டையில் மேலிருந்து கீழாக நகக் கீறல் ஓடுவதும் அதே சேதிதான்.

தங்குகிற இடத்துக்கு வருவோம். நீலகிரியில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அங்கே பழைய செய்தி. அங்கன்வாடி, ரேஷன் கடை, எண்ணெய் டின் இருக்கிற எந்த இடத்தையும் அது விடுவதில்லை. நம்மவர்களோ புளியோதரை, நல்லெண்ணெய் மணக்கும் இட்லிப்பொடி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம் என்று ஒரு கல்யாணச் சமையலையே கட்டிக்கொண்டு போகிறவர்கள். தின்றுவிட்டு இலையைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் எறிகிறோம். அந்த மோப்பம் ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூட்டிவரும் என்று யோசிப்பதில்லை. எச்சில் இலையையும் பழத்தோலையும் மூடி போட்ட டிரம்மில் போடுங்கள், இல்லாவிட்டால் வேனிலேயே கட்டி வைத்து ஊருக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள். பாத்திரம் எதையும் வாசலில் வைக்காதீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹோம் ஸ்டே காவலாளி, வந்து இறங்கியவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போதே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். “சார், ராத்திரி கதவத் தொறக்கணும்னா மொதல்ல வெளி லைட்டப் போடுங்க. ஜன்னல் வழியா ஒரு தடவ பாத்துக்குங்க. அப்புறம் கதவத் தட்டி ஒரு சத்தம் குடுத்துட்டுத் தொறங்க.” வந்தவர்களில் ஒரு இளைஞர் சிரித்தபடி, “ஏண்ணே, நம்ம வீட்டுக் கதவ நாமளே தட்டணுமா?” என்றார். காவலாளி சிரிக்கவில்லை. “ஆமா சார். உள்ள இருக்கறவங்க தட்டணும்” என்றார்.

சரி, எல்லாம் மீறி எதிரில் வந்துவிட்டது. இப்போது என்ன?

முதலில் அந்தப் பள்ளிக்கூடக் கதையை மறந்துவிடுங்கள். இரண்டு நண்பர்கள், ஒரு கரடி. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான், மற்றவன் மூச்சடக்கிப் படுத்தான், கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. தமிழ்நாட்டில் கரடியைப் பற்றிக் கடைசியாக நாம் படித்த பாடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மரத்தில் ஏறியவன் கதை முழுப் பொய். இந்தக் கரடி தேனுக்கும் பழத்துக்கும் மரமேறுகிற மிருகம், உங்களைவிட நன்றாக ஏறும். படுத்தவன் கதை பாதி உண்மை, அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தூரத்தில் கரடியைக் கண்டதுமே படுத்தால் ஒன்றும் நடக்காது, நடந்தால் நல்லதாக இருக்காது. படுப்பது கடைசி வழி.

தூரத்தில் இருக்கிறதா, உங்களைக் கவனிக்கவில்லையா? நின்று, சத்தமில்லாமல் பின்வாங்கி, வந்த வழியே போய்விடுங்கள். ஒரு போட்டோகூட வேண்டாம். கிட்டத்தில் இருக்கிறது, பார்த்தும் விட்டது என்றால் ஓடாதீர்கள். பார்க்க மந்தமாக இருந்தாலும் ஓட்டத்தில் உங்களைச் சுலபமாகப் பிடித்துவிடும். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசியபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகருங்கள். கூட்டமாக இருந்தால் ஒட்டி நில்லுங்கள், பிள்ளைகளை நடுவில் விடுங்கள். கல்லெறியாதீர்கள். டார்ச்சை அதன் கண்ணுக்கு நேராக ஆட்டி விளையாடாதீர்கள். வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு ஹெட்லைட்டைப் போட்டு அதை ரோட்டில் விரட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வளைவில் நடந்து வருகிற தோட்டத் தொழிலாளி மேல்தான் அந்தக் கோபம் விடிகிறது.

பாய்ந்தே விட்டது என்றால், கையில் இருக்கும் கம்போ பையோ உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருக்கட்டும். மோதிவிட்டது என்றால் குப்புற விழுங்கள். மல்லாந்து படுக்கக் கூடாது, முகமும் வயிறும் மண்ணோடு ஒட்ட வேண்டும். இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அது கவசம். பெரும்பாலான தாக்குதல் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எதிரில் இருப்பவன் அசையவில்லை, இனி ஆபத்தில்லை என்று அதற்குத் தோன்றினால் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். உடனே எழுந்து பார்க்காதீர்கள். காலடிச் சத்தம் முழுக்க அடங்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வேறு ஒன்று சுற்றுகிறது: கறுப்புக் கரடி என்றால் எதிர்த்துச் சண்டை போடு, பழுப்புக் கரடி என்றால் செத்த மாதிரி படு. அது அமெரிக்கக் காட்டுக்கு எழுதியது. நம் கரடி கறுப்பாக இருக்கிறதே என்று சண்டைக்குப் போனால் பிழை நிறத்தில் இல்லை, ஆளில்.

கடையத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு அது பக்கத்து ஊர். 2022 நவம்பர் 6-ஆம் தேதி, தென்காசி மாவட்டம் கடையம் அருகே மலையடிக் கிராமச் சாலை. மசாலாப் பொருள் விற்க மோட்டார் சைக்கிளில் போன வியாபாரி மீது கரடி பாய்ந்தது. காப்பாற்ற ஓடிவந்தவர்களில் இரண்டு பேரையும் அது கடித்துக் குதறியது. மூன்று பேருக்கும் படுகாயம். கூட்டம் கூடியும் கரடி விலகவில்லை. கடைசியில் வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு காட்டில் விட்டார்கள். மறுநாள் அந்தக் கரடியும் செத்துப்போனது.

ஓடிவந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மனிதன் அப்படித்தான் ஓடுவான். ஆனால் அடுத்த முறை ஓடுகிறவர்களுக்கு ஒன்று: தனித்தனியாக ஓடாதீர்கள். நாலைந்து பேர் கம்போடு ஒன்றாகச் சேர்ந்து, பெருஞ்சத்தம் போட்டபடி முன்னேறுங்கள். வண்டி இருந்தால் ஹாரனை விடாமல் அடித்தபடி வண்டியையே பக்கத்தில் கொண்டுபோங்கள். சத்தம் கேட்டு அது போவதற்கு ஒரு திசையைத் திறந்து விடுங்கள். சுற்றி வளைத்து நின்றால் அது யார்மேலாவது பாய்ந்துதான் வெளியே போகும். ஊரிலிருந்து செல்ல நாயைக் கூட்டிப் போகிற பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. நாய் கரடியைக் குரைத்துக் கிளப்பிவிட்டு, நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னால் அதையும் இழுத்துக்கொண்டு. சங்கிலியை விடாதீர்கள்.

அடிபட்டவரை எப்படிக் கொண்டுபோவது? தலையிலும் முகத்திலும் ரத்தம் நிற்காமல் வரும், பார்க்கவே குலை நடுங்கும். சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தொங்குகிற தோலைப் பிய்க்காதீர்கள், அப்படியே மேலே வைத்துக் கட்டுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் காத்துக்கொண்டிருக்காமல் வேனிலேயே கிளம்பி, போகிற வழியில் கூப்பிடுங்கள். வனத்துறைச் சோதனைச் சாவடி வந்தால் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களிடம் வயர்லெஸ் இருக்கும்.

சின்னக் கீறல்தானே என்று விடுகிறவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். கரடியும் பாலூட்டி மிருகம், நாய்க்கடிக்கு உள்ள வெறிநோய் ஆபத்து இதற்கும் உண்டு. பெரிய ரத்தப்போக்கு இல்லாத காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின், டெட்டனஸ் ஊசி மூன்றையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போக வேண்டும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பி, கோடை உழவில் இறங்கியிருப்பீர்கள், காயமும் ஆறியிருக்கும், மறந்துபோகும். மலையில் கொடுத்த சீட்டைப் பத்திரமாக எடுத்து வந்து, மிச்ச ஊசியைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலோ போட்டு முடியுங்கள். 28-ஆம் நாள் எந்தக் கிழமை வருகிறது என்று இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.